பரணுக்குக் கீழே நீட்டிய ஆணிகள்

பாகூர் பக்கம் குருவிநத்தத்தில் எங்கள் ஆடுகளுக்குப் பரண் கொட்டகை போட்டோம். ஆடுகள் பலகைத் தளத்தில் நிற்கும். புழுக்கை இடுக்கு வழியாகக் கீழே விழும். "பெரிய ஆணியா இருந்தாதான் கெட்டியா புடிக்கும்" என்று என் கணவர் நாலு இஞ்ச் ஆணியாக வாங்கி அடித்தார். ஆடுகள் எவ்வளவு குதித்தும் தளம் அசையவில்லை. அவருக்கு ஒரே பெருமை.

மறுநாள் புழுக்கை கூட்டக் குனிந்து பரணுக்கடியில் போனேன். சற்றே நிமிர்ந்ததும் நெற்றியில் சுரீரென்றது. தொட்டால் ரத்தம். மேலே பார்த்தால், பலகையைத் தாங்கும் கட்டையைத் துளைத்துக்கொண்டு வரிசையாக ஆணி முனைகள்! கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தால் கண்ணே போயிருக்கும்.

டி.டி. ஊசி போட்டுக்கொண்டு வந்ததும் துடைப்பத்தை அவர் கையில் கொடுத்தேன். "ஒருவாட்டி நீங்க உள்ள போய்க் கூட்டிட்டு வாங்க. அப்பறம் உங்க ஆணிப் பெருமைய பேசலாம்."

பாதியிலேயே வெளியே வந்தார். "இன்னாம்மா இது, முள்ளுக்காடு மாதிரி இருக்குது!" அன்றே எல்லா ஆணியையும் பிடுங்கிவிட்டு, முனை வெளியே வராத ஆணியாக மாற்றி அடித்தார்.

இப்போதெல்லாம் பலகையையும் கட்டையையும் சேர்த்து வைத்து அளந்து, அந்தக் கனத்தைவிடக் கொஞ்சம் குட்டையான ஆணிதான் வாங்குகிறோம். தளம் இப்போதும் அசையவில்லை. குட்டிகள் பெருகியதால் இன்னொரு பரணும் போட்டாயிற்று. அதன் அடியில் முதல் நாள் புகுந்து கூட்டியது, ஆணி அடித்தவர்தான்.