அண்ணி கழுவிய உப்பு

என் அண்ணிக்குச் சலவைக்கடையில் வேலை. கழுவின டம்ளரையே மறுபடி கழுவுகிறவள். எதையும் அலசாமல் விட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு, விட்டுப்போன பள்ளிப் படிப்பைத் தொடர்ந்து, என்னோடு சேர்ந்து தனித்தேர்வு எழுதினாள். பள்ளி ஆய்வகத்தில் உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. வேதியியல் செய்முறைத் தேர்வில் தேறினால் அது அவளுக்கு. தவறினால் வேறு ஆளுக்கு.

செய்முறைத் தேர்வின் முதல் நாள் இரண்டு உப்புகள் செய்தோம். பேரியம் சல்பேட் தண்ணீரில் கரையாது. இரண்டு கரைசல்களைக் கலந்ததும் வெள்ளையாகப் படிந்தது. அண்ணி அதை வடிகட்டி, ஆசை தீரக் கழுவினாள். காப்பர் சல்பேட் கரைகிற ரகம். அதன் கரைசலைச் சுண்டக் காய்ச்சி, படிகம் கட்டட்டும் என்று ஆறவைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் கிண்ணத்தில் அழகழகான நீலப் படிகங்கள். வடித்து, தாளில் ஒற்றிக் காட்டினால் வேலை முடிந்தது. நான் என்னுடையதை ஒற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால், அண்ணி தன் படிகங்களை அலசிக்கொண்டிருக்கிறாள்! வடிதாள் வெளுத்துப்போயிருந்தது. படிகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அழுவாள் என்று நினைத்தேன். புனலுக்குக் கீழே குடுவையில் இறங்கியிருந்த நீலத் தண்ணீரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அதைக் கிண்ணத்தில் ஊற்றி மறுபடி அடுப்பில் ஏற்றிவிட்டாள். சுண்டியதும் இறக்கி, அவசரமாக ஆறவைத்தாள்.

தேர்வாளர் வந்தார். சிடுமூஞ்சி மனுஷன்.

"என்னம்மா, பொடிப்பொடியா இருக்கு? நேத்து வெச்ச படிகம் எங்க?"

"கரையாத உப்பு நெனப்புல இதையும் கழுவிட்டேன் சார். கரைஞ்சு கீழ போயிடுச்சு. போனா என்ன, குடுவையிலதானே இருக்கு? திரும்பக் காய்ச்சி எடுத்துட்டேன்."

"அவசரத்துக்கு முழுசா வத்த விட்டிருக்கலாமே?"

"விட்டா நீலம் போயி வெள்ளைப் பொடி ஆயிடும் சார். அப்புறம் படிகம்னு எதைக் காட்டுறது?"

சிடுமூஞ்சி சிரித்துவிட்டார்.

பெரிய படிகம் எனக்கு, அதிக மார்க் அண்ணிக்கு. "வயிறு எரியலையா உனக்கு?" என்று அண்ணன் சீண்டினான். அரை மார்க்குக்கும் மல்லுக்கு நிற்கிறவள்தான் நான். ஆனால் அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த ஆய்வகத்தில் இருப்பது என் அண்ணிதான் என்று இன்றைக்கும் கேட்காதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.