மகளின் சீர் அலமாரி

விருதுநகரில் எனக்கு ஒரு பட்டறை. சமையலறை அலமாரி, துணி அலமாரி எல்லாம் செய்து கொடுக்கிறேன். பலகையைத் தட்டிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவேன் என்று பெருமை பேசுகிற ஆள். அப்படிப்பட்டவன் சொந்த மகளுக்குச் செய்ததை எழுதக் கை வரவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சிவகாசியில் ஒரு பட்டாசு முதலாளி வீட்டு வேலை இழுத்துக்கொண்டது. மகளின் சீர் அலமாரிக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த நல்ல பிளைவுட்டை அந்த வீட்டுக்கு அறுத்துவிட்டேன். மிச்சம் கிடந்தது பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை, ஈரம் பட்டால் டீயில் விழுந்த ரஸ்க்தான். மைக்கா ஒட்டி ஓரத்தை மூடிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? மகள் வாழப்போகும் எம். புதுப்பட்டியில் இறக்கும்போது, "முழுக்க பிளைவுட்" என்று சம்பந்தி வீட்டாரிடம் வாய் கூசாமல் சொன்னேன்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் அங்கே போனேன். அடிப்பலகை உப்பி, கதவு சாத்த முடியாமல் நின்றது அலமாரி.

"தண்ணிய வாளி வாளியா ஊத்தித் தரையக் களுவுறா அண்ணே. ஆனா பிளைவுட்டு தாங்கும்னுதான சொன்னீக?" என்றார் மகளின் மாமியார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் மகள் பக்கம் திரும்பி, "தரைய பிளிஞ்ச துணியால தொடைக்கணும்மா. தண்ணி தேங்கினா எந்தப் பலகதான் தாங்கும்?" என்றேன்.

"தப்பு எம்மேலதான் அத்தை. இனிமே பாத்துக்கிறேன்." அவள் தலை நிமிரவில்லை.

பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். "வர்ற வாரம் நல்ல பிளைவுட் கொண்டாந்து மாத்திருதேன்" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

"வேண்டாம்ப்பா. களட்டினா தூளு கொட்டும். அவுகளுக்குத் தெரிஞ்சு போகும்."

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"வண்டியில ஏத்துறப்பவே தெரியும். பின்னாடி திருகாணி ஓட்டையில பாத்தேன். பட்டறையில வளந்தவதானப்பா நான்."

வீடு வந்து சேரும்வரை வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் திரும்பிப் போய் உண்மையைச் சொல்லவில்லை.

போன வாரம் மறுபடி போயிருந்தேன். ஆறு மாத வயிற்றோடு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, பிழிந்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் எனக்கு நாற்காலியை எடுத்துப் போட்டார்.

"இப்பல்லாம் ஒரு சொட்டுத் தண்ணி சிந்துறதில்ல அண்ணே. நீங்க சொன்னத அப்படியே கேட்டு நடக்குறா."