நேசம் இறங்காத தொட்டி

குன்னத்துகால் பழக் கம்பெனியில் அன்னாசி கழுவும் தொட்டி நேசத்தின் பொறுப்பு. கிணற்றில் தண்ணீர் போதாது. அதனால் கழுவிய தண்ணீரையே மணலும் கரியும் நிரப்பிய இன்னொரு தொட்டி வழியாக வடியவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டு, கைப்பம்பால் அடித்து மறுபடியும் பழத்துக்கே விடுவார்கள். ஞாயிறு ஆலயத்துக்குப் போகிறவள் என்பதால், சனிக்கிழமை சாயங்காலமே இரண்டு தொட்டித் தண்ணீரையும் திறந்துவிட்டு மணலை அலசிப் போட்டுவிட்டுத்தான் நேசம் வீட்டுக்குக் கிளம்புவாள்.

ஐம்பத்துநாலில், தமிழ் பேசும் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த நேரம். அப்படியொரு சனிக்கிழமை மேனேஜர் மோகனன் குறுக்கே வந்து நின்றார்.

"திறக்காண்டாம். கெணத்துல வெள்ளம் இல்ல."

"கெட்டுப் போவும் சார்."

"சொன்னதச் செய்தா போதும்."

திங்களன்று கடையடைப்பு. அந்த வாரம் பாதிநாள் கம்பெனி பூட்டிக் கிடந்தது. திறந்து பம்பை அடித்ததும் அழுகல் நாற்றம். அதற்குள் அந்தத் தண்ணீர் பட்டுவிட்ட பழத்தையெல்லாம் குழிதோண்டிப் புதைத்தார்கள். முதலாளி கேட்டபோது மோகனன் கொஞ்சமும் கூசவில்லை. நேசத்தின் புருஷன் செல்லையன் தமிழ்க் கட்சி ஊர்வலத்தில் கொடி பிடிக்கிறவன், அவள்தான் தண்ணீரில் சாணி கலக்கிவிட்டாள் என்றார். அந்த நாக்கு அழுகாமல் இருந்ததே ஆச்சரியம். அவர் உத்தரவைக் காதால் கேட்ட, கூட வேலைபார்க்கும் சரசம்மாவும் மற்றப் பெண்களும் வேலை போய்விடுமென்று பயந்து தரையைப் பார்த்தார்கள்.

அன்றே நேசத்தை வெளியே அனுப்பினார்கள். புருஷன் ஊர்வலம் போனதற்காக அனுப்பியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். ஊரார் தின்கிற பழத்தில் சாணி கலக்கினவள் என்ற பேரை அவளால் தாங்க முடியவில்லை.

நாலைந்து நாளாகியும் அழுகிய மணலுக்குள் இறங்க ஒருத்தியும் முன்வரவில்லை. மோகனன் சரசம்மாவை அனுப்பி நேசத்தை அழைத்துவரச் சொன்னார். வந்தவள் தொட்டிக்கரையில் நின்றாள்.

"சாணி கலக்குனவள எதுக்கு சார் விளிச்சிய?"

"போனது போட்டும். எறங்கி மணல வாரு."

"திறக்காண்டாம்ணு சொன்னது நாந்தாண்ணு இவளுவ கேக்க ஒரு வார்த்த சொல்லுங்க. இப்பமே எறங்குதேன்."

அவர் பம்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நானும் கேட்டதாக்கும் சார். சொல்லிருங்க," என்றாள் சரசம்மா. இத்தனை நாள் கழித்தாவது வாய் திறந்தாளே. மற்றப் பெண்களும் கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தார்கள்.

மோகனன் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த நாற்றத்துக்குள் தாமே இறங்கினார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதைவிட அதுவே அவருக்குச் சுலபமாக இருந்தது.