எக்ஸ்பிரஸ் அண்ணன் காட்டிய கை

பேக்கரி வேன் ஓட்டுகிறவரை அந்த வட்டாரத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எக்ஸ்பிரஸ் அண்ணன் என்றால்தான் தெரியும். அடுப்பிலிருந்து இறங்கும் ரொட்டியைத் தட்டுத் தட்டாக வேனில் அடுக்குவார். மற்ற டிரைவர்கள் டீயை ஊதிக் குடித்து முடிப்பதற்குள் பாதிக் கடைகளுக்குப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து நிற்பார். "என்னண்ணே, பறந்தா போனீங்க?" என்று அடுப்படி ஆட்கள் கேட்க வேண்டும். கேட்காத அன்று அவருக்கு ஒன்றுமே ஓடாது. கடைக்காரர் பன்னைத் தொட்டதும் கையைச் சுட வேண்டும், அதில்தான் அவருடைய மானம் மரியாதை எல்லாம் இருந்தது.

மனிதர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். குடிக்க மாட்டார், கடன்காரன் போல முகத்தை வைத்துக்கொள்ள மாட்டார். வழியில் யார் கை நீட்டினாலும் வண்டியில் ஏற்றிக்கொள்வார். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றால் இவரே சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவார். ஆனால் ஒரு இடத்தில் நிற்கச் சொன்னால் மட்டும் நிற்க முடியாது. கடை வரிசையானாலும் சரி, ஆஸ்பத்திரி வரிசையானாலும் சரி, காலில் யாரோ நெருப்பு வைத்த மாதிரி தவிப்பார்.

அவர் போகும் வழியில் ஒரு ரயில்வே கிராசிங் இருந்தது. கேட் போட ஆள் கிடையாது. ரயில் வந்தால் தானாகவே மணி அடிக்கும், சிவப்பு விளக்கு மின்னும், இந்தப் பக்கம் ஒரு கம்பமும் அந்தப் பக்கம் ஒரு கம்பமும் இறங்கி ரோட்டில் பாதியை மறைக்கும். மீதிப் பாதி திறந்தே கிடக்கும். தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டவன் வெளியே வரட்டும் என்று விட்ட இடம் அது. நம் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? உள்ளே போகத்தான் விட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு ஒரு காரணமும் கையில் வைத்திருந்தார்கள். கிராசிங்கை ஒட்டி ஒரு மாவு மில். மில்லுக்குள் வேகன்களை இழுத்துப் போடும் சின்ன எஞ்சின் அடிக்கடி கிராசிங் பக்கம் மூக்கை நீட்டிவிட்டுத் திரும்பிப் போகும். அது மூக்கை நீட்டினாலே மணி அடிக்கும், கம்பம் இறங்கும். ரயிலும் வராது, ஒரு மண்ணாங்கட்டியும் வராது. நின்று நின்று பார்த்து வெறுத்துப்போன டிரைவர்கள் அதற்குப் 'பொய் மணி' என்று பெயர் வைத்தார்கள். பொய் மணி அடித்தால் இந்தக் கம்பத்தைச் சுற்றி ஒரு வளைப்பு, அந்தக் கம்பத்தைச் சுற்றி ஒரு வளைப்பு, போய்க்கொண்டே இருப்பார்கள்.

முதலில் போகிறவர் எப்போதும் எக்ஸ்பிரஸ் அண்ணன். தான் போவதோடு விடமாட்டார். பின்னால் தயங்கி நிற்பவர்களுக்காக ஜன்னல் வழியே கையை முழுசாக நீட்டி, உள்ளங்கையால் காற்றை இரண்டு தடவை வாரி இழுத்து, கடைசியில் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவார். வாங்க, வாங்க, நான் இருக்கிறேன் என்று அர்த்தம். அந்தக் கையைப் பார்த்தால் எல்லாருக்கும் தைரியம் வந்துவிடும். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை! ஊருக்கே உபகாரம் செய்கிற மாதிரி ஒரு நிமிர்வு.

அன்று காலை தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மணி அடித்தது, கம்பம் இறங்கியது. இவர் வேனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் ஸ்கூட்டரை நிறுத்தினாள். தலையில் ஹெல்மெட், முன்னால் நிற்க வைத்த சின்னப் பெண், அதன் கழுத்தில் தண்ணீர் பாட்டில். ரோட்டில் வேறு யாரும் இல்லை. அந்தப் பெண் மழையிலிருந்து குழந்தையின் தலையைத் தன் துப்பட்டாவால் மூடிக்கொண்டிருந்தாள். இவருக்கு மனசு கேட்கவில்லை. நனைகிறதே குழந்தை, இந்தப் பொய் மணிக்காகவா நிற்க வேண்டும்? வளைத்துக்கொண்டு உள்ளே போனார், கையை நீட்டினார், காற்றை வாரினார், கட்டை விரலைக் காட்டினார்.

தண்டவாளத்தைத் தாண்டிய பிறகுதான் பக்கவாட்டில் பார்த்தார். சரக்கு ரயில். மலை மாதிரி வந்துகொண்டிருந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தார். பின்னால் இரும்பு தேய்கிற ஓலமும் தகரம் நசுங்குகிற சத்தமும் கேட்டன. கண்ணாடியில் பார்த்தால் வேகன்கள்தான் தெரிந்தன, அந்தப் பக்கம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டியதுதானே? போகவில்லை. ரொட்டி போடப் போனார். அன்றும் பன் சூடாகத்தான் இருந்தது. கடைக்காரர் நீட்டிய சில்லறையை வாங்காமலேயே வேனில் ஏறினார்.

மத்தியானம் டீக்கடையில் சேதி வந்தது. ஸ்கூட்டர் தண்டவாளத்தில் அணைந்துபோயிருக்கிறது. அந்தப் பெண் அதைப் போட்டுவிட்டுக் குழந்தையை வாரிக்கொண்டு குதித்ததில் உயிர் தப்பியது. ஸ்கூட்டர் அப்பளம். குழந்தைக்குக் கை முறிந்துவிட்டது. "முன்னாடி எவனோ ஒரு வெள்ளை வேன்காரன் கை காட்டிக் கூப்பிட்டானாம். பரதேசி, நிக்காம போயிட்டான்" என்றார் டீக்கடைக்காரர். பெயர் எழுதாத வெள்ளை வேன் அந்த ஊரில் எத்தனையோ ஓடுகிறது. எக்ஸ்பிரஸ் அண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

இதோடு போயிருந்தால் மனிதர் எப்படியோ மென்று விழுங்கியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மச்சினன் சாப்பிட வந்தான்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. ரயில் எஞ்சின் ஓட்டுகிறவன். அக்கா வளர்த்த பிள்ளை. எப்போது வந்தாலும் வாசலிலேயே "மாமா, பன் இருக்கா?" என்று சத்தம் போட்டுக்கொண்டு வருவான். அன்று சத்தமில்லாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். தட்டில் வைத்ததைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"என்னடா ஆச்சு? மூஞ்சியே சரியில்லையே" என்றாள் அக்கா.

"அந்தக் கிராசிங்ல ஸ்கூட்டர நசுக்கின வண்டி நான் ஓட்டினதுக்கா."

எக்ஸ்பிரஸ் அண்ணன் கையில் எடுத்த குழம்புக் கரண்டியை அப்படியே திரும்ப வைத்தார்.

"பிரேக்க இழுத்துட்டு கண்ண மூடிட்டேன். அவங்களக் கொன்னுட்டேன்னே நெனச்சேன். வண்டி நின்னு, எறங்கி ஓடி, அந்தக் கொழந்த அழுவுற சத்தம் காதுல விழுற வரைக்கும் நான் மனுஷனா இல்லக்கா. முன்னாடி போனவன் கைய நீட்டி வா வான்னு கூப்பிட்டான். என் கண்ணால பார்த்தேன்."

"அந்தக் கைய வெட்டிப் போடணும்!" என்றாள் அவள். "பெத்த வயிறு எப்படிப் பதறியிருக்கும்! நல்லா இருப்பானா அவன்? ஏங்க, நீங்களும் தினம் அந்த வழியாத்தானே போறீங்க, அவன் எவன்னு விசாரிக்கக் கூடாதா?"

"விசாரிக்கிறேன்" என்றார் எக்ஸ்பிரஸ் அண்ணன். அப்படித்தான் சொன்னார். அதோடு விட்டாரா? "இவனுங்களையெல்லாம் சும்மா விடக் கூடாது" என்றும் சொன்னார். அந்த வார்த்தையை நினைத்தால் பிற்பாடு அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

மச்சினன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அதுகூட பரவாயில்லக்கா. நான் ஹாரனே அடிக்கலன்னு இப்ப சொல்றாங்க. அந்தம்மா தனக்கு எதுவும் கேக்கலன்னு சொல்லியிருக்கு. மில்லுக்காரங்க, இங்க எப்பவும் ஏதாவது ஒரு ஹாரன் அடிச்சுகிட்டுத்தான் இருக்கும், எதுன்னு சொல்றதுன்னு கைய விரிச்சுட்டாங்க. எஞ்சின்ல நான் ஒருத்தன்தான் இருந்தேன். என்னோடது பழைய எஞ்சின், வேகத்த மட்டுந்தான் பதியும், ஹாரனப் பதியாது. புதன்கிழமை விசாரணை. அடிக்கலன்னு முடிவானா இனிமே எஞ்சின்ல ஏத்த மாட்டாங்க."

"நீ அடிச்சிருப்படா. உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"அடிச்சேன்க்கா. ஹாரன் அடிக்கச் சொல்ற போர்டு தாண்டினதும் நீளமா அடிச்சேன். ஆனா ஆளாளுக்குக் கேக்கக் கேக்க எனக்கே சந்தேகமா இருக்கு. அடிச்சேனா, அடிச்சதா நெனச்சுக்கிட்டேனான்னு தெரியல."

அவன் அடித்தான். அது எக்ஸ்பிரஸ் அண்ணனுக்குத் தெரியும். உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கம்பத்தை வளைக்கும்போதே அந்த ஹாரன் அவர் காதில் விழுந்தது. இப்போதும் விழுந்துகொண்டிருக்கிறது.

வாயைத் திறந்தார். "இன்னும் கொஞ்சம் சாப்பிடு மாப்ள" என்றார். த்தூ, இதற்கா அந்த வாய்?

மறுநாள் கிராசிங்கில் மணி அடித்தது. எக்ஸ்பிரஸ் அண்ணன் வேனை நிறுத்தி எஞ்சினையும் அணைத்தார். பின்னால் ஒரு தக்காளி வண்டி, அதன் பின்னால் நாலைந்து பைக்குகள். தக்காளி வண்டிக்காரன் தலையை வெளியே நீட்டினான்.

"அண்ணே, பொய் மணிதான்ணே! போங்க! என்ன, இன்னைக்கு பாசஞ்சர் ஆயிட்டீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் வளைத்துக்கொண்டு முன்னால் போனான். போகும்போது கையை நீட்டிக் காற்றை இரண்டு தடவை வாரினான், கட்டை விரலைக் காட்டினான். அச்சு அசலாக இவருடைய கை. இவரிடம்தான் கற்றிருக்கிறான். எக்ஸ்பிரஸ் அண்ணன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். நல்லவேளை, அன்று மூக்கை நீட்டியது மில் எஞ்சின்தான்.

செவ்வாய்க்கிழமை மனைவி தம்பியின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். விசாரணைக்குப் போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டை. இவர் சமையலறை வாசலில் நின்று சொல்லிவிட்டார். எப்படி ஆரம்பித்தார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. சொல்லி முடித்தபோது சட்டையின் காலர் பக்கம் லேசாகப் பொசுங்கிய வாடை வந்தது. அவள் பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்தாள்.

திட்டுவாள் என்று நினைத்தார். அழுவாள் என்று நினைத்தார். அவள் அவருடைய வலது கையை மட்டும் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை தான் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"நாளைக்கு நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றாள்.

"நானே போறேன்."

"போங்க. அவன்கூட ஒரே வண்டில போகாதீங்க" என்றாள்.

விசாரணை ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு அறையில் நடந்தது. நீள மேஜை, ஒரு அதிகாரி, எழுதிக்கொள்ள ஒரு ஆள். மச்சினன் ஒரு பக்கம், அந்த ஸ்கூட்டர் பெண் இன்னொரு பக்கம். மடியில் குழந்தை, முழங்கை வரை மாவுக்கட்டு. கட்டின் மேல் யாரோ பேனாவால் பூனை வரைந்திருந்தார்கள். எக்ஸ்பிரஸ் அண்ணன் உள்ளே வந்ததும் மச்சினன் ஆச்சரியமாக "மாமா?" என்றான். துணைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டான் பாவம். முகத்தில் ஒரு தெம்புகூட வந்தது.

"முன்னாடி போன வெள்ளை வேன் என்னுதுங்க" என்றார் இவர். "ஹாரன் அடிச்சது. நான் கேட்டேன்."

மச்சினன் முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அவர் உங்களை மாமான்னு கூப்பிட்டாரே. சொந்தமா?"

"என் சம்சாரத்தோட தம்பிங்க."

"சரிதான்." அதிகாரி பேனாவை மூடினார். "வேல போகுதுன்னதும் வீட்ல இருந்து ஆள் கெளம்பி வந்துட்டீங்க. வெள்ளை வேன் வச்சிருந்தா நீங்கதான்னு நான் நம்பிடணுமா?"

இப்படி ஒரு அவமானத்தை எக்ஸ்பிரஸ் அண்ணன் எதிர்பார்க்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தால் பொய்யன் என்கிறார்கள். ஹாரன் அடிக்கும்போது ஓட்டிப்போனவர் இப்போது நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் அந்தப் பெண். இவர் பக்கம் திரும்பினாள். "அன்னைக்குக் கை காட்டினீங்கல்ல? அதே மாதிரி காட்டுங்க பார்ப்போம்."

அறையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்பிரஸ் அண்ணன் வலது கையை நீட்டினார். கூசியது. கூசிக்கொண்டே காற்றை ஒரு தடவை வாரினார், இன்னொரு தடவை வாரினார். கட்டை விரல் எழும்ப மறுத்தது. எழுப்பிக் காட்டினார். அம்மாவின் மடியிலிருந்த குழந்தை அந்தக் கையைப் பார்த்துவிட்டு முகத்தை அவள் தோளில் புதைத்துக்கொண்டது.

"இவருதான் சார்" என்றாள் அவள்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "கை காட்டினது முதல்லயா, ஹாரன் கேட்டது முதல்லயா? யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? இத்தனை நாளாக அதைத்தானே யோசித்துக்கொண்டிருக்கிறார். கை முதலில் என்று சொன்னால் தன் பாவம் பாதியாகக் குறையும், தெரியாமல் செய்ததாகிவிடும். ஆனால் ஹாரன் தாமதமாக அடித்ததாகிவிடும், அந்தப் பழி மச்சினன் தலையில் விழும்.

"ஹாரன் முதல்லங்க. நான் வளைக்கும்போதே அடிச்சது. அதுக்கப்புறந்தான் கை காட்டினேன்."

"மில் எஞ்சின்னு நெனச்சிருப்பீங்க."

"அது கீச்சுன்னு ஒரு தடவ அடிச்சு நிக்கும். இது நீளமா அடிச்சது. எனக்கு வித்தியாசம் தெரியும்ங்க."

"தெரிஞ்சுமா கூப்பிட்டீங்க?"

"தெரிஞ்சுதாங்க. தாண்டிடலாம்னு நெனச்சேன். நான் தாண்டுறதத்தான் நெனச்சேன். பின்னாடி வர்றவங்கள நெனைக்கல."

எழுதுகிறவர் அதையும் எழுதிக்கொண்டார். மச்சினன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையின் பொசுங்கிய காலர் நனைய அழுதுகொண்டிருந்தான். தான் அடித்தது நிஜம்தான் என்று தெரிந்துவிட்டது. அதைச் சொன்னவர் யார் என்றும் தெரிந்துவிட்டது. மாமா என்று அவன் மறுபடி கூப்பிடவில்லை.

அந்தப் பெண் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"ஹெல்மெட் போட்டிருந்தேன்ணே. எனக்கு ஹாரன் கேக்கல. அந்த மணிய நம்பி நின்னுட்டுத்தான் இருந்தேன். அப்புறம் உங்க கையப் பார்த்தேன்."

எக்ஸ்பிரஸ் அண்ணனின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அதை மடக்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.