மண்ணீரலுக்கு வைத்தியம் தேடிய கதை

நாலு வாய் சோறு உள்ளே போனதும் வயிறு நிறைந்துவிடும். இடது விலாவுக்குக் கீழே எதையோ கட்டி வைத்ததுபோல் கனக்கும். மலேசியாவில், ஜோகூர் பாரு பக்கத்தில் இருக்கும் செனாயில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் நின்றபடியே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வாயு என்று நினைத்து, பூண்டைத் தட்டிப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன். கிளினிக் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே ஜோகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஸ்கேன், எலும்பு மஜ்ஜையில் ஊசி எல்லாம் முடிந்து, மண்ணீரலில் நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். மண்ணீரல் எங்கே இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்த டாக்டர் எதையும் மறைக்கவில்லை. இது அபூர்வமான வகை, தான் பார்த்ததே ஒருவரைத்தான், இதை ஆராய்ச்சி செய்கிற இடத்தில் காட்டினால் நல்லது என்றார். என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும், டாக்டர் என்ன சொன்னார் என்று என்னிடமே கேட்டார்.

எங்களுக்கு ஒரே மகள். தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். நெரிசலில் நிற்கும் பஸ்ஸில் இருந்தபடியே வெளிநாட்டு மையங்களுக்கெல்லாம் எழுதினாள். சிலர் பதிலே போடவில்லை. சிலர், பரிசோதனைக்கு எடுத்த திசுவின் கண்ணாடித் தகடுகளை அனுப்பச் சொன்னார்கள். லண்டனிலிருந்து மட்டும் இரண்டு வரி வந்தது: இவ்வளவு தூரம் வர வேண்டாம், எங்களிடம் பயிற்சி பெற்றவர் உங்கள் கோலாலம்பூரிலேயே இருக்கிறார்.

தகடுகள் இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மகள் என்னோடு கோலாலம்பூருக்கு வந்தாள். அந்த மலாய்க்கார டாக்டருக்கும் அவள் வயதுதான் இருக்கும். என் ரிப்போர்ட்டுகளைப் பொறுமையாகப் படித்துவிட்டு, எப்போதாவது ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா என்று கேட்டார். ஒரே தடவை, இவள் பிறந்தபோது, மூன்று பாட்டில் என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அடுத்த முறை போனபோது, ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி கிருமி எனக்குள் இருக்கிறது என்றார். அந்தக் காலத்தில் ஏற்றும் ரத்தத்தில் அதைச் சோதிக்க வழியில்லை. அப்போது வந்ததாகத்தான் இருக்க வேண்டும். வெகு சிலருக்கு அதுவே இந்தப் புற்றுநோயைக் கிளப்பிவிடும் என்றார். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மகளின் கை அப்படியே நின்றுவிட்டது. டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. என்னைக் காப்பாற்றியது என்று இத்தனை வருஷம் நான் நன்றியோடு நினைத்திருந்த ரத்தம் அது.

திரும்பும் பஸ்ஸில் மகள் கேட்டாள்.

"நான் பொறந்ததாலதானாம்மா உங்களுக்கு இது?"

"ரத்தம் ஏத்தலன்னா அன்னிக்கே போயிருப்பேன்லா. உன்னை யார் வளத்திருப்பா?"

சொன்னது உண்மைதான். ஆனால் அவள் கேட்பதற்கு முன்பே, டாக்டரின் அறையில், ஒரு நொடி எனக்கும் அதே எண்ணம் வந்துபோயிருந்தது. நோயைவிட அதுதான் என்னை அதிகமாக உலுக்கியது. இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

மண்ணீரலை எடுக்கவில்லை, கீமோவும் கொடுக்கவில்லை. முதலில் கிருமிக்கு மாத்திரை, கிருமி போனால் கட்டியும் சுருங்கலாம் என்றார் டாக்டர். மாத்திரையிலா புற்றுநோய் போகும் என்று என் கணவர் நம்பவே இல்லை. மூன்று மாதம் விழுங்கினேன். கிருமி போய்விட்டது. அடுத்த ஸ்கேனில் மண்ணீரல் பாதியாகக் குறைந்திருந்தது. ஜோகூர் பாரு டாக்டர் படத்தை இரண்டு தடவை வாங்கிப் பார்த்தார்.

முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோலாலம்பூருக்குப் போகிறேன். மகள் லீவு போட்டுவிட்டுக் கூட வருகிறாள்.