பின்னோக்கிக் கடந்த பாலம்

அற்புதமலர் அக்கா மரங்களின் உச்சியில் நடந்துவிட்டு வந்தவர். இத்தாலியின் பலேர்மோ நகரத்தில், போர்கோ வெக்கியோவில் எங்கள் படிக்கட்டில் குடியிருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். அந்தக் காடு எப்படி இருந்தது என்று கேட்டால் மட்டும் அவரால் சொல்ல முடியாது. அவர் அதைப் பார்க்கவில்லை.

மன்னாரில் பேசாலைக்காரி. பலேர்மோவுக்கு வந்த நாளில் இருந்து வீட்டு வேலை. போன வருடம், 1996இல், நான் அவரை அறிந்தபோது விடுதலைச் சாலைக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடியில் கொஸ்தான்சா என்ற எழுபத்தெட்டு வயது வீட்டுக்கார அம்மாவை, சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரவும் பகலும் அங்கேயே தங்கும் வேலை. குசினிக்குப் பக்கத்து அறையில் படுக்கை. அவரின் கணவர் பேனாட் அண்ணையும் மகன் ஜெனோஜனும் போர்கோ வெக்கியோவில் எனக்கு அடுத்த அறையில் இருந்தார்கள். நடந்தால் கால்மணித்தியாலம்கூட ஆகாது. ஆனால் வேலைக்காரருக்கு லீவு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான். மற்ற நாட்களில் அந்தச் சின்னத் தூரம் கடல் மாதிரிக் கிடந்தது.

அக்கா வேண்டியது ஒன்றே ஒன்று. தங்கும் வேலையை விட்டு மணித்தியால வேலைக்கு மாறி, இரவில் தன் வீட்டில், தன் பிள்ளைக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும். அதற்கு சிஞ்ஞோராவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். சிஞ்ஞோரா கோபித்து வேறு ஆளைப் பிடித்துவிட்டால் வேலையே போய்விடும் என்று பயந்து மாதக்கணக்கில் கேட்காமலே இருந்தார். மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு வியாழக்கிழமைக் கதை பாடமாகிவிட்டது.

"கேட்டியோ?"

"இல்லையப்பா. அவவுக்கு இண்டைக்குத் தலையிடி."

"போன கிழமை முழங்கால். இந்தக் கிழமை தலை. வருத்தம் ஏற இனி இடமில்லை மலர், அதுக்குள்ளை கேட்டுப்போடு."

"நீங்கள் வந்து கேளுங்கோவன்."

"நான் கேட்டால் என்ரை இத்தாலியனைக் கேட்டே மனுசி செத்துப்போகும்."

சிரிப்பார்கள். பிறகு அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் போவார். அவர் போகும்போது ஜெனோஜன் தொலைக்காட்சியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். அதுதான் அவருக்குப் பெரிய கவலை. "முந்தி அழுவான், தம்பி. இப்ப அழுறானில்லை," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

சிஞ்ஞோராவின் கணவர் தாவரவியல் பேராசிரியராக இருந்து இறந்தவர். போர்னியோத் தீவின் மழைக்காட்டில், மரத்துக்கு மரம் கயிற்றால் கட்டித் தொங்கவிட்ட பலகைப் பாலங்களில் ஏறிப் பூக்களையும் பூச்சிகளையும் ஆராய்ந்தவராம். அப்படி ஒரு பாலத்தில் அவர் நிற்கும் படம் வீட்டு நடையில் மாட்டியிருந்தது. அவரின் பழைய மாணவர்கள் சிலர் அந்தக் காட்டுக்குப் போகப் புறப்பட்டபோது, தானும் வருவேன், அந்தப் பாலத்தில் ஒருதடவை காலை வைப்பேன் என்று சிஞ்ஞோரா பிடிவாதம் பிடித்தார். அவர் போனால் அக்காவும் போக வேண்டும்.

"காசு குடுத்தாலும் கிடையாத பயணம்," என்றார் பேனாட் அண்ணை. "அங்கை நல்ல மனநிலையிலை இருப்பா. அங்கை வச்சுக் கேள்."

அக்காவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனார். கேட்க வேண்டிய வசனத்தை ஜெனோஜனைக் கொண்டு இத்தாலியனில் திருத்திப் பாடமாக்கியும் வைத்திருந்தார்.

விமானத்தின் திரையில் வழி தெரிந்ததாம். இலங்கை ஒரு புளியங்கொட்டை அளவில் வந்து நின்றது. யன்னலால் எட்டிப் பார்க்க ஆசை. ஆனால் சிஞ்ஞோரா அவரின் கையில் தலையைச் சாய்த்து நித்திரை. கையை இழுத்தால் எழும்பிவிடுவார், எழும்பினால் பிறகு நித்திரை வராது. அக்கா அசையாமல் இருந்தார். புளியங்கொட்டை திரையின் ஓரத்துக்குப் போய் மறைந்தது.

காட்டில் மாணவர்கள் அவரைக் கேலி செய்தார்கள். "மலர், நீ உன் வீட்டுக்கு வந்துவிட்டாய், நீதான் எங்களுக்கு வழிகாட்டி" என்று. தீவில் பிறந்தவர், கறுத்தவர், ஆகவே காடு தெரிந்தவர். அக்கா கண்ட மரங்கள் பனையும் உடைமரமும். பேசாலையில் எங்கே நின்றாலும் ஒரு பக்கத்தில் கடல் தெரியும். இங்கே தலைக்கு மேலே வானமே இல்லை. அட்டை கடித்தது. உடுப்பு உடம்பிலேயே ஊறியது. இரவெல்லாம் சிஞ்ஞோராவுக்கு விசிறினார்.

முதலாவது பாலம் நீளம் குறைந்தது என்று சொல்லித்தான் விட்டார்கள். காலடியில் ஒரு பலகை அகலம், இரண்டு பக்கமும் கயிற்று வலை, கீழே ஐந்து மாடி ஆழம். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் ஏறக்கூடாது. காட்டுக் காவலாளி அந்தப் பக்க மரத்தட்டில் நின்றார், மாணவர்கள் இந்தப் பக்கம். சிஞ்ஞோராவின் ஊன்றுகோல் பலகை இடுக்கில் சிக்கும் என்று வாங்கி வைத்துவிட்டார்கள்.

பக்கத்தில் நின்று தாங்க இடமில்லை. அப்போது அக்கா பலேர்மோ வீட்டில் தினமும் செய்வதைச் செய்தார். குளியலறைக்குப் போகும் வழியில் இரண்டு அலுமாரிகளுக்கு நடுவில் ஒரு ஆள்தான் போகலாம். அங்கே அவர் சிஞ்ஞோராவை முகம் பார்த்து நின்று, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக நடந்து கூட்டிப்போவார். பாலத்திலும் அப்படியே. தன் காலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல், குதியால் பலகையைத் தடவித் தடவிப் பின்னோக்கி நடந்தார்.

"நான் காட்டைக் காணேல்லைத் தம்பி. அந்த மனுசியின்ரை முகத்தைத்தான் கண்டன். மூக்கிலை வேர்வை. கண்ணைப் பூட்டிக்கொண்டு புருசன்ரை பேரைச் சொல்லிக்கொண்டு வந்தா."

நடுப்பாலத்தில் காற்று அடித்தது. பாலம் ஒரு பக்கம் போய் வந்தது. சிஞ்ஞோரா கண்ணைத் திறந்து கீழே பார்த்துவிட்டார். முழங்கால் மடிந்து அப்படியே பலகையில் இருந்துவிட்டார். ஒரு கால் வலைக்குள் போய்விட்டது. காவலாளி வரப்போனபோது பாலம் இன்னும் தாழ்ந்து ஆடியது, அவர் திரும்பிவிட்டார். இரண்டு கரையிலும் ஆட்கள் கத்தினார்கள். சிஞ்ஞோராவின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

அக்கா நேர்த்தி வைத்தது அப்போதுதான். சாந்தா ரொசாலியாவுக்கு. பலேர்மோவின் காவல் புனிதை. மலைக்குகையில் உள்ள அவரின் கோயிலுக்கு ஞாயிறுகளில் எங்கள் ஆட்கள், சைவரும் வேதக்காரரும், பஸ் ஏறிப் போவது வழக்கம்.

"எங்கடை ஊர் மடு மாதாவைக் கூப்பிடேல்லையோ?" என்று கேட்டேன்.

"மனுசி ரொசாலியாவின்ரை ஊர்ப்பிள்ளையல்லோ. அவவைத்தானே கூப்பிட வேணும்."

"என்னெண்டு நேந்தீங்கள்?"

"இந்த மனுசியை உயிரோடை கரை சேர்த்துவிடு தாயே, நான் வீட்டுக்குப் போறன் எண்டு இனிக் கேக்கமாட்டன், அவ கண்மூடும் வரைக்கும் அவவோடையே கிடக்கிறன் எண்டு. வேறை என்னட்டை என்ன கிடந்தது தம்பி, குடுக்க?"

காற்று நின்றது. சிஞ்ஞோராவின் கால் வலையில் இருந்து வந்தது. தவழ்ந்தும் இழுபட்டும் இருவரும் அந்தப் பக்கம் சேர்ந்தார்கள்.

அன்று பின்னேரம் விடுதியில் சிஞ்ஞோரா தானாகவே கேட்டாராம். "மலர், பல மாதமாக நீ மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுகிறாய். என்ன வேண்டும்? இன்றைக்கு எதைக் கேட்டாலும் தருவேன்."

பாடமாக்கிய வசனம் நாக்கு நுனியில் நின்றது.

"ஒண்டுமில்லை, சிஞ்ஞோரா."

திரும்பி வந்த முதல் வியாழக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை.

"உனக்கென்ன விசரே? தங்கத்தட்டிலை வச்சு நீட்டியிருக்கிறா!"

"நேந்திட்டனப்பா."

"ஆரைக் கேட்டு நேந்தனி? பிள்ளை எனக்கும் பிள்ளை. நான் நேரேல்லை. ரொசாலியா வந்து அவனைக் குளிப்பாட்டி நித்திரையாக்குவாவோ?"

அக்கா அழுகிற சத்தம் கேட்டது. பிறகு பேனாட் அண்ணை என் கதவைத் தட்டினார். "கம்பஸ், நீ படிச்சனி. சொல்லு, இது செல்லுமோ?"

யாழ்ப்பாணத்துப் பட்டத்தோடு படிக்கட்டுக் கழுவுகிற என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பல்கலைக்கழகம் போனவன் நான். காற்று தன்பாட்டில் வரும், தன்பாட்டில் நிற்கும் என்று சொல்ல எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் வந்து நின்ற அக்காவின் முகத்தைப் பார்த்தபோது, அந்த விளக்கத்தைக் கொடுத்தால் நான் அவருக்கு உதவுகிறேனா, அவரிடம் இருக்கிற ஒன்றையும் பிடுங்குகிறேனா என்று பிடிபடவில்லை. இப்போதும் பிடிபடவில்லை. "எனக்குத் தெரியாதண்ணை," என்றேன்.

"அப்ப என்னத்துக்குப் படிச்சனி?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

அடுத்த நாள் வேலை முடிய அவர் சேர்ட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு, அக்காவுக்குச் சொல்லாமல், சிஞ்ஞோராவின் மூன்றாம் மாடிக்கு ஏறினார். அக்கா மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரம். நடந்ததைப் பிறகு அவரே எங்களுக்கு நடித்துக் காட்டினார்.

தன் உடைந்த இத்தாலியனில் அவர் பாலம், காற்று, நேர்த்தி, பிள்ளை என்று நான்கு சொல்லைத்தான் சொன்னாராம். சிஞ்ஞோரா பலேர்மோக்காரி. நேர்த்தி என்றால் என்ன என்று அவருக்கு விளக்கத் தேவையில்லை. கணவர் காட்டில் காய்ச்சலில் கிடந்தபோது வெறுங்காலோடு ரொசாலியாவின் மலை ஏறினவர். கேட்டதும் கோபம் வந்துவிட்டது.

"என் உயிரை வைத்து நேர்ந்திருக்கிறாள், என்னை ஒரு வார்த்தை கேட்காமலா? உயிர் என்னுடையது!"

அதற்குள் அக்கா மருந்தோடு வந்துவிட்டார். சிஞ்ஞோரா அவரைப் பார்த்து, "நான் உன்னை விடலாம். ஆனால் நீ என்னிடம் நேரவில்லையே. மேலே போய்த்தான் கேட்க வேண்டும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் டாக்சியில் மலைக்குப் போனார்கள். குகைக்குள் பாறையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தரை வழுக்கும் என்று அக்கா அங்கேயும் சிஞ்ஞோராவின் இரு கையையும் பிடித்துப் பின்பக்கமாகவே நடந்தாராம். அங்கிருந்த கிழட்டுச் சுவாமியார் எல்லாவற்றையும் கேட்டார். பயத்தில் நேர்ந்ததை இன்னொரு நற்செயலாக மாற்றித் தரலாம் என்றார். அக்காவையும் சிஞ்ஞோராவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இரவில் உன் பிள்ளையிடம் போ. ஆனால் தினமும் போவதற்கு முதல் இந்த அம்மாவோடு இருந்து ஒரு செபமாலை சொல்லு," என்றார்.

"பாத்தியோ," என்றார் பேனாட் அண்ணை, திரும்பி வந்ததும், எங்கள் தெருப் பஸ் தரிப்பில் நின்ற என்னிடம். "சுவாமி எங்கடை மனுசிக்கு ஓவர்டைம் குடுத்து விட்டிருக்கிறார்."

அந்த மாதத்தில் இருந்து அக்கா வீட்டுக்கு வருகிறார். மற்றப் பெண்கள் ஆறு மணிக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். அக்கா வர எட்டும் ஆகும். சிஞ்ஞோரா செபமாலையை ஆறுதலாக, மெதுமெதுவாகத்தான் சொல்வார். நடுவில் கண்ணயர்ந்துவிடுவார். கை அக்காவின் கைக்குள் இருக்கும். எழுப்பாமல் காத்திருந்து, அவர் விழித்ததும் விட்ட இடத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

நேற்று நான் சீனி கடன் கேட்கப் போனபோது அவர் அப்போதுதான் வந்து கதிரையில் இருந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஜெனோஜன் பள்ளிக்கூடக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"அம்மா, மழைக்காட்டு மரத்தின்ரை உச்சியிலை என்ன இருக்குமெண்டு வகுப்பு மாயெஸ்த்ரா எழுதச் சொன்னவ. நீங்கள் பாத்தனீங்கள்தானே?"

"நாளைக்கு சிஞ்ஞோராட்டைக் கேட்டு வாறன் ராசா," என்றார்.

சொல்லி முடிக்க முதலே நித்திரையாகிவிட்டார். இரண்டு கையும் எதிரில் யாரையோ பிடித்திருப்பது போல மடியில் விரிந்து கிடந்தன. பிள்ளை கொப்பியை மூடி அந்தக் கைகளுக்கு மேல் வைத்துவிட்டு, கதிரைக் காலடியில் இருந்து தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான். பேனாட் அண்ணை சோற்றுக் கோப்பையை இன்னொரு கோப்பையால் மூடினார்.

"சீனி நாளைக்கு வாங்கு கம்பஸ்," என்றார் மெதுவாக. "டப்பா அவவுக்குப் பின்னாலை இருக்கு."