மூன்று நாள் விருந்தாளி

ஒரே ஒரு ஊரிலே, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட ஒரு பெட்டி இருந்ததாம். அதற்கு நாலு கொம்பு, வயிற்றில் ஒரு பூட்டு, பூட்டின் திறப்பு யாரிடமோ அவர்தான் ராசா. ரவுட்டர் பூட்டி இணையம் கொடுக்கிற என் தொழிலை, கதை சொல்லி என்னை வளர்த்த தாத்தா, என் மூத்தாப்பா, இருந்திருந்தால் இப்படித்தான் கதையாகத் தொடங்கியிருப்பார். பெட்டிக்குள் யார் நுழையலாம், நுழைந்தவர் எதுவரை போகலாம் என்று பெயர் பெயராக எழுதி வைப்பது என் வேலை. பெட்டி சொன்னபடி கேட்கும். ஆட்களைப் பற்றி, இதே வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. புத்தளத்துக்கு அப்பால் கண்டக்குழிக் கடற்கரையில் ஒரு ஹாஜியாருடைய லொட்ஜில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கும்.

முதல் சஹன்

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுத் தொடங்கினால், பெரிய பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர் வந்து இறங்குவார்கள். அவர்களுக்காகத்தான் ஹாஜியார் பெட்டி வாங்கினார். "இங்கிலீசு வேணாம், எனக்கு வெளங்குற மாதிரித் தமிழ்ல பேர் வை" என்றார். மூன்று வகுப்பு வைத்தேன். 'நிர்வாகி' எதையும் மாற்றலாம். 'உள்ளூர்' எப்போதும் பாவிக்கலாம், வருகிறவர்களுக்கு நுழைவு எண்ணும் கொடுக்கலாம். 'விருந்தாளி' பாவிக்க மட்டும்தான். தவணை முடிந்தால் பெட்டி வெளியே தள்ளிவிடும். ஹாஜியாரை நிர்வாகி ஆக்கினேன். வரவேற்பு மேசையில் இருக்கிற, எனக்கு அக்கா மாதிரியான நஸ்ரீனா ராத்தாவை உள்ளூரில் போட்டேன். எனக்கு 'தற்காலிகம்' என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டேன், வேலை முடிந்ததும் அழித்துவிடலாம் என்று. வேலை முடியும் என்று நான் நம்பிய காலம் அது.

விருந்தாளிக்கு எத்தனை நாள் தவணை என்று கேட்டேன். ஹாஜியார், பந்தியில் கூடியிருந்து சாப்பிடுகிற முதல் சோற்றுத் தட்டை, அந்தச் சஹனை, விருந்தாளிக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் தான் உட்காருகிற மனுஷன். ஒரு மாதம் என்பார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "மார்க்கத்துல விருந்து மூணு நாள்தான் தம்பி. அதுக்கு மேல குடுத்தா சதக்கா, தருமக் கணக்கு. பெட்டிக்கும் அதையே செல்லு."

கேட்ட வாய்

தவணை முடிந்த வெள்ளைக்காரர் ஈரக் காற்சட்டையோடு மேசைக்கு வருவார்கள். நஸ்ரீனா ராத்தா முகம் சுளிக்காமல் புது எண் கொடுப்பார். தொல்லை வேறு பக்கத்தால் வந்தது. அறை கேட்டு வருகிற பதிவுகள் மேசைக் கணினியில் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தன. புத்தளத்தில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தால், லொட்ஜின் பின்சுவர் நிழலில் வலை பொத்துகிறவர்கள் வரிசையாகக் குந்தியிருக்கிறார்கள். வலை மடியில், போன் கையில், எல்லாம் லொட்ஜின் இணைப்பில். பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வந்தேன். அடுத்த கிழமை அதே பஸ், அதே சுவர், அதே வரிசை.

"ஆரு ராத்தா குடுக்கிற?" என்றேன். அவர் வாயைப் பொத்திச் சிரித்து, கண்ணால் ஹாஜியாரைக் காட்டினார். ஹாஜியாருக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. "தண்ணி கேட்டா இல்லண்டு செல்லுவியா நீ? கேட்ட வாய்க்கு எப்பிடித் தம்பி இல்லண்டு செல்ற?"

மாப்பிள்ளை

ஹாஜியாரின் மகளைக் கட்டி, பெண் வீட்டோடு வந்து சேர்ந்தவர் ரியாஸ் நானா; எனக்கு அண்ணன் வயது. லொட்ஜைத் தானே திருத்தி எடுப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவர் நிழலில் இருந்தவர்களைக் கண்டதும் பெட்டியிலிருந்தே தொடங்கத் தீர்மானித்தார். தன்னையும் நிர்வாகி ஆக்கச் சொன்னார்.

நான் ஹாஜியாரைப் பார்த்தேன். ஹாஜியார் கடலைப் பார்த்தார். அந்தப் பார்வை உங்களுக்குத் தெரியும்: கொடுத்தாலும் உன் தலையில், கொடுக்காவிட்டாலும் உன் தலையில். "உள்ளூர் போதும் நானா, அதுலயே எல்லாம் பாக்கலாம்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் கதிரையை இழுத்துப் பெட்டிக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். "வீட்டுக்கு மாப்பிள்ளை, பெட்டிக்குச் சும்மா ஆளா? நல்ல கதைதான்!"

ஆக்கிவிட்டேன்.

சதக்கா

பிறகு ஒரு நாள் நஸ்ரீனா ராத்தா போனில் அழைத்தார். "தம்பி, கெதியா வாங்க. எனக்கு வேலை போகப் போகுது."

போனபோது ஹாஜியார், ரியாஸ் நானா, ராத்தா மூவரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். சோளகம் முழுவதும் தங்குவதற்கு ஒரு பெரிய கூட்டம் அறை கேட்டிருக்கிறது. ராத்தா 'சரி' என்று பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துவிட்டது, திரும்ப உள்ளே நுழைய முடியவில்லை. பதில் வராததால் கூட்டம் வேறு லொட்ஜுக்குப் போய்விட்டது. ரியாஸ் நானா, கவனமில்லாத ஆளை மேசையில் வைக்க ஏலாது என்று மாமனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெட்டியைத் திறந்தேன். நஸ்ரீனா என்ற பெயர் விருந்தாளி வகுப்பில் கிடந்தது. மூன்று நாள் முடிந்ததும் பெட்டி தன் கடமையைச் செய்திருக்கிறது.

"ஓம், நான்தான் மாத்தின" என்றார் ரியாஸ் நானா. "வெளி ஆக்களுக்கு அது போதும்தானே? நஸ்ரீனாட வாப்பாக்கு மன்னார்ல காணி திரும்பக் கிடைச்சாம். இண்டைக்கோ நாளைக்கோ போற ஆக்கள்."

ராத்தாவின் உம்மாவும் வாப்பாவும் தொண்ணூறாம் ஆண்டு போரில், மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்தவர்கள். ராத்தா பிறந்தது புத்தளத்தில், முகாமில். ஹாஜியார் சமாதானமாகத் தொடங்கினார்: "விருந்தாளிண்டா குறைவா மகள்? மரியாதைதானே."

"மரியாதைதான் ஹாஜியார். மூணு நாளைக்கு" என்றார் ராத்தா. "அதுக்கு மேல சதக்காண்டு நீங்கதானே சென்னீங்க. வாப்பாட காணியப் பாக்கப் போனா, அங்க உள்ளவங்க 'புத்தளத்து விருந்தாளி வந்திரிக்கி'ண்டு தேத்தண்ணி தாறாங்க. இஞ்ச வந்தா இந்தப் பெட்டியும் விருந்தாளிங்குது. நான் இந்த மண்ணுல பொறந்தவ. ரியாஸ் நானா மாப்பிள்ளையா வந்தது போன சோளகத்துக்கு. எங்க ரெண்டு பேர்ல ஆரு ஹாஜியார் விருந்தாளி?"

ஹாஜியார் கடலைப் பார்க்கத் திரும்பினார். இந்த முறை கடல் உதவவில்லை போலும், திரும்பி என்னைப் பார்த்தார்.

"தம்பி, புள்ளைய உள்ளூர்ல போடு. அவட மேசை அவக்குத்தான். முடியிற நாள் ஒண்டும் எழுதாத." பிறகு மருமகனிடம், "வாங்க மருமகன், அஸர் தொழுகைக்கு நேரமாகுது" என்று தோளில் கைபோட்டு நடத்திக்கொண்டு போனார்.

நான் பெயரை உள்ளூரில் போட்டதும் ராத்தா கணினியில் ஒருதரம் உள்ளே நுழைந்து பார்த்தார். திறந்தது. கணினியை அணைத்து, பர்தாவை இழுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார்.

"திரும்பவும் வெளியே தள்ளாதுதானே தம்பி?"

"தள்ளாது ராத்தா. பெட்டிக்கு நான் பொறுப்பு."

"பெட்டிய ஆரு கேட்ட? ஆக்களத்தான் கேட்ட" என்று சிரித்துவிட்டு, மணலில் செருப்புச் சரசரக்க பஸ் றோட்டுப் பக்கம் போனார்.

கொம்பு வைத்த அந்தப் பெட்டியில் எல்லோரும் ஆளுக்கொரு இடம் பிடித்துவிட்டார்கள், இன்னும் 'தற்காலிகம்' என்றே கிடக்கிறவன் நான் ஒருவன்தான்.